எருது நோய் காக்கைக்குத் தெரியுமா?

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் 'பாரம்' என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, இடம் தந்து உதவிய நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்ட புலவர் அவர்களே, நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் கடைசியில் நின்றே கேட்டுக்கொண்டிருக்கும் சுமைதூக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். முதல்வர் அம்மாவுக்கு இன்னொரு கூட்டம் இருக்கிறது. இருந்தாலும் நான் முடிக்கும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பற்றித் தெரியாமல் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தனி நன்றி. சால்வை போர்த்திய உறுப்பினருக்கும் நன்றி. இந்தப் புழுக்கத்தில் அதுவும் ஒரு பாரம்தான்.

தலைச்சுமை, புத்தகச் சுமை, கடன் சுமை, மனச் சுமை என்று நான்கைப் பற்றியும் பேசுவேன் என அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். 'பீலிபெய் சாகாடு' என்று ஆரம்பிப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். அதைப் புலவர் பார்த்துக்கொண்டார். எனக்கு நம் பாட்டிமார் பழமொழி போதும்: எருது நோய் காக்கைக்குத் தெரியுமா?

முதலில் தலைச்சுமை. ஓர் ஆள் எவ்வளவு தூக்கலாம்? 1967-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதை உட்கார்ந்து பேசியது. உடலுக்குக் கேடு வரும் அளவுக்கு யார் தலையிலும் சுமை ஏற்றக் கூடாது என்று ஓர் உடன்படிக்கை போட்டது. வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் இருந்தால் சீக்கிரம் குறையுங்கள் என்று கூடவே பரிந்துரையும் செய்தது. அந்த உடன்படிக்கையை நம் நாடு ஏற்றுக்கொண்டது 2010-இல். நாற்பத்து மூன்று வருஷம்!

அரிசி மூட்டைக்கு வருகிறேன். வணிகர் சங்கத்துப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலம் கட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அப்புறம் என்ன ஆனது? கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து உட்கார்ந்தது. வரி இறங்கியது, சரி. அந்த ஒரு கிலோ எங்கே ஏறியது? லோடுமேன் தலையில். கூலி மூட்டைக் கணக்கு. 100 மூட்டை இறக்கினால் 100 கிலோ கூடுதல். கூலி அதே கூலி. எருது நோய் காக்கைக்குத் தெரியுமா?

ஒரு சந்தையில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரைச் சொல்ல மாட்டேன். சொந்தக்காரர்கள் இங்கேயே இருக்கலாம். மண்டிக்கு முன்னால் சர்க்கரை லாரி நிற்கிறது. ஒவ்வொன்றும் 50 கிலோ மூட்டை. மூட்டைக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். முதலாளி கல்லாவில் இருந்தபடியே, "அம்பது கிலோ என்னய்யா பெரிய வெயிட்டு? எங்க அப்பா காலத்துல நூறு கிலோ மூட்டையையே அலாக்கா தூக்குவாங்க" என்றார். மேஸ்திரி வயசானவர். கோபமே படவில்லை. "நீங்களும் அந்த வம்சம்தானே, ஐயா, ஒரு நடை வந்து பாருங்களேன்" என்றார். கூட்டம் கூடிவிட்டது. முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார். மேஸ்திரி தன் துண்டை முறுக்கி, வட்டமாகச் சுற்றி, முதலாளி தலையில் சும்மாடு வைத்தார். மாலை போடுவதற்குக்கூட அவ்வளவு பதனமாக யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி மேலே வைத்தார்கள்.

ஓரடி, இரண்டடி, மூன்றாவது அடியில் கால் பின்னிக்கொண்டது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண் மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடுகிறது. கீழே போடலாம் என்றால் தையல் பிரிந்து சர்க்கரை எல்லாம் சாக்கடைக்குப் போகும், சரக்கு அவருடையது. "இறக்குங்கடா, இறக்குங்கடா" என்றார். ஒருத்தரும் அசையவில்லை. மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "இறக்குகூலி தனிங்க, ஐயா."

(கைதட்டல்)

அந்த ஒரு ரூபாய் அன்றைக்கே கிடைத்தது. கைதட்டியது போதும், விஷயத்தைப் பாருங்கள். தலையில் சுமை ஏறியவனால் தானாக அதை இறக்க முடியாது; இறக்கினால் தானாக ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் இன்னோர் ஆள் வேண்டும். ஆளில்லாத வழியில் என்ன செய்வது? அதற்குத்தான் நம்மவர்கள் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரண்டு கல்லை நிறுத்தி, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தி, நிற்கிற ஆளின் தோளுயரத்துக்கு வைத்தார்கள். வருகிறவர் முழங்காலைச் சற்று மடக்கிச் சுமையை அதன்மேல் நகர்த்திவிடுவார். மூச்சு வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்வார். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்காக, ஊர் வழிப்போக்கரின் சுமையை இறக்கி வைத்தது.

யாழ்ப்பாணத்தில் சுமைதாங்கிக்குப் பக்கத்திலேயே மாடு உடம்பை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும், தண்ணீருக்குக் கேணியும் வைத்தார்கள். எருது நோய் காக்கைக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கேரளத்தில் இதற்கு அத்தாணி என்று பெயர். நெடும்பாச்சேரி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அத்தாணி என்று ஓர் ஊரே இருக்கிறது.

நம்மூரில்? சந்தைச் சாலையை அகலப்படுத்தியபோது பிடுங்கிய சுமைதாங்கி, குறுக்குக்கல் ஒரு பக்கமும் கால்கல் ஒரு பக்கமுமாகச் சாக்கடை ஓரம் கிடக்கிறது. குறுக்குக்கல்லில் உட்கார்ந்து பீடி குடிக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருக்கிறது. சாலை அகலமாகட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்தடி தள்ளி நட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? 1982-இலேயே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, பிறகு நலவாரியம் வந்தது. மூட்டையை இறக்கி வைக்கத் தோளுயரத்தில் ஒரு திண்ணை மட்டும் வரவில்லை. புதுச் சந்தை வளாகத்தின் வரைபடத்தைப் பார்த்தேன். இரு சக்கர வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது, நுழைவு வளைவு இருக்கிறது, அலங்கார நீரூற்றுகூட இருக்கிறது. உறுப்பினர் அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அதனால் இதற்கு மேல் சொல்லவில்லை.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். புத்தகச் சுமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. வீட்டுக்குப் போய்ப் பையைத் தராசில் வையுங்கள். மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. கடன் சுமையையும் மனச் சுமையையும் அடுத்த ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்வோம், கூப்பிட்டால்.

வெளியே தேநீர் மேசைக்குப் பக்கத்தில் மனு வைத்திருக்கிறோம். கேட்பது இரண்டே விஷயம்: விழுந்து கிடக்கும் கல்லைச் சந்தை வாசலில் திரும்ப நட வேண்டும், புது வளாகத்தில் வரிசைக்கு ஒரு சுமைதாங்கித் திண்ணை கட்ட வேண்டும். உயரம் எவ்வளவு என்பதைப் பொறியாளர் முடிவு செய்ய வேண்டாம், பின்னால் நிற்கும் தோழர்களை நிறுத்தி அளந்துகொள்ளட்டும். தேநீருக்கு முன்னால் கையெழுத்து. பேனா என்னிடம் இருக்கிறது. முதல் கையெழுத்தை உறுப்பினர் அவர்களே போடுவார்கள் என்று நம்புகிறேன். நன்றி, வணக்கம்.