கொல்லனின் குறுவாளும் நார்டாவின் கல்லும்

வணக்கம் நேயர்களே.

நான் துபாயில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் குடியிருப்பின் பக்கத்து அறை முழுக்க பிலிப்பினோக்கள். ஒருவரை ஒருவர் 'கபாயன்' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ஊர்க்காரரே என்று பொருள். பொதுச் சமையலறையில் உப்பு டப்பா வேண்டுமென்றால் அவர்களில் ஒருவர் ஒரு கையை நீட்டி, குரலை உயர்த்தி, "டிங், அங் பாத்தோ!" என்பார். உடனே மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு ஒன்றும் புரியாது. பல மாதம் கழித்துத்தான் கேட்டேன். "டிங், அந்தக் கல்லைக் கொடு" என்று அர்த்தமாம். டிங் என்பது ஒரு சிறுவன். அவனுடைய அக்கா நார்டா அந்தக் கல்லை வாயில் போட்டு விழுங்கி, "டார்னா!" என்று கத்தினால் வானத்தில் பறக்கும் வீராங்கனையாக மாறிவிடுவாள். பிலிப்பைன்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வசனம்.

அன்று பிடித்துக்கொண்டது இந்தப் பைத்தியம். அந்த நாட்டு மாயாஜால அடிதடிப் படங்களை அப்போதிலிருந்து பார்த்து வருகிறேன். அண்மைக்காலத்தில் வந்தவற்றைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லத்தான் இன்று அழைத்திருக்கிறார்கள். ஆனால் பழையதைத் தொடாமல் புதியதைச் சொல்ல முடியாது. ஏனென்றால் அங்கே நாயகர்கள் புதிதாகப் பிறப்பது குறைவு. ஒரே நாயகனுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒரு முறை புது நடிகரைப் போட்டு மறுபடி அனுப்புவார்கள்.

முதலில் பாண்டாய். 1980-இல் 'அங் பாண்டாய்' வந்தது. பாண்டாய் என்றால் கொல்லன். மலாய் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அங்கே 'பண்டாய்' என்றால் கெட்டிக்காரன், 'பண்டாய் பெசி' என்றால் இரும்புக் கொல்லர். கார்லோ ஜே. கபராஸ் எழுதி ஸ்டீவ் கான் வரைந்த சித்திரக்கதைதான் மூலம். அந்தக் காலத்தில் இந்தச் சித்திரக்கதைப் புத்தகங்களைப் பெட்டிக்கடையில் காசு கொடுத்து வாடகைக்கு எடுத்து, அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்களாம்.

கதை எளிமையானது. பிளாவியோ ஊர்க் கொல்லன். வானத்திலிருந்து விழுந்த எரிகல்லை எடுத்து உலையில் வைத்து ஒரு குறுவாள் அடிக்கிறான். தீமைக்கு எதிராக அதை வானை நோக்கித் தூக்கினால் நீண்ட வாளாகிவிடும். எதிரி லிசார்டோ, மாக்ஸ் அல்வராடோ நடித்தது. நாயகன் பெர்னாண்டோ போ ஜூனியர். படத்தை இயக்கியவரும் அவரே, ரோன்வால்டோ ரெயெஸ் என்ற பெயரில். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது அந்த வாள் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான். பாறையில் செருகியிருந்ததைப் பிடுங்கியதும் கிடையாது, அரசர் பரம்பரைச் சொத்தும் கிடையாது. வியர்வை சொட்டச் சொட்ட அவனே அடித்தது. வரம் மேலிருந்து வந்தாலும் சம்மட்டி பிடித்த கை அவனுடையது. தந்திரக் காட்சிகள் இன்று பார்த்தால் சிரிப்பு வரும், பொம்மை பொம்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஆள் கொல்லன் என்று நம்பிவிடுவோம்.

2009-இல் போங் ரெவில்லா பாண்டாய் ஆனார். 2011-இல் இரண்டாம் பாகம். கணினி வரைகலைக்கு நிறையச் செலவழித்திருந்தார்கள், அதை மறுக்கவில்லை. இருந்தாலும் படம் முடிந்து வெளியே வந்தபோது என் கண்ணில் நின்றது மிருகங்களும் நெருப்பும்தான். உலைக்களம் எங்கோ போய்விட்டது. 2017-இல் கோகோ மார்ட்டின் தானே இயக்கி நடித்து, கதையை இன்றைய மணிலாவுக்குக் கொண்டுவந்தார். நல்ல யோசனை. தொண்டோ போன்ற நெரிசலான ஏழைப் பகுதியில் ஒரு கொல்லனுடைய வாரிசு என்றால் எவ்வளவு சொல்லலாம்! ஆனால் பாதிப் படம் நகைச்சுவைக்கும் காதலுக்கும் பாட்டுக்கும் போய்விட்டது. மீதி இருந்த இடத்தில் வாள் மட்டும் பளபளத்தது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மூன்று படங்களும் மெட்ரோ மணிலா திரைப்பட விழாவுக்காக வந்தவை. 1975 முதல் நடக்கும் விழா அது. டிசம்பர் 25-இல் தொடங்கும், அந்த நாட்களில் திரையரங்குகளில் உள்நாட்டுப் படங்கள்தான் ஓடும். ஞானத்தாய் ஞானத்தந்தையர் கொடுத்த கிறிஸ்துமஸ் காசு கையில் வைத்திருக்கும் பிள்ளைகள்தான் கூட்டம். பாட்டிக்கு அழுகை, பையனுக்குப் பூதம், அக்காவுக்குக் காதல் என்று ஒரே டிக்கெட்டில் எல்லாம் தர வேண்டும். வியாபாரத்தைக் குறை சொல்லவில்லை. அந்தக் கலவையில் முதலில் கரைந்துபோவது நாயகனின் தொழில் என்கிறேன், அவ்வளவுதான்.

இடையில் ஒன்று. இந்த நாயகர்கள் திரையோடு நின்றுவிடுவதில்லை. போங் ரெவில்லா செனட்டராக இருந்தவர். தாயத்துக் கட்டிய வீரனாக நடித்தே பெயர் வாங்கிய அவருடைய அப்பாவும் செனட்டராக இருந்தவர். பெர்னாண்டோ போ 2004-இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார், அந்த ஆண்டு டிசம்பரிலேயே இறந்துபோனார். எழுபதுகளின் டார்னாவான வில்மா சாண்டோஸ் பத்தங்காஸ் மாகாண ஆளுநரானார். தமிழ் நேயர்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. மேலே போகலாம்.

டார்னாவை மார்ஸ் ரவேலோ 1950-இல் உருவாக்கினார், நெஸ்டர் ரெடோண்டோ வரைந்தார். மறு ஆண்டே ரோசா டெல் ரொசாரியோ நடிக்கப் படம் வந்துவிட்டது. அதன்பின் எத்தனையோ டார்னாக்கள். ஆனால் அண்மைக்காலத்து டார்னா படத்தின் கதை இருக்கிறதே, அதையே ஒரு படமாக எடுக்கலாம். ஒரு பெரிய நிறுவனம் ஏஞ்சல் லொக்சினை வைத்துப் புதிய படம் என்று அறிவித்தது. 2005-இல் தொலைக்காட்சியில் டார்னாவாகப் பறந்தவர் அவர். முதுகுத்தண்டில் கோளாறு, விலகினார். லிசா சொபெரானோ வந்தார். வேறொரு மாயாஜாலத் தொடரின் படப்பிடிப்பில் விரல் முறிந்தது, அவரும் விலகினார். இயக்குநர் எரிக் மாட்டி விலகி ஜெரோல்டு தாரோக் வந்தார். 2019-இல் ஜேன் டி லியோன் என்ற புதுமுகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். படப்பிடிப்புத் தொடங்கிய கையோடு 2020-இல் கொரோனா. அதே ஆண்டு அந்த நிறுவனத்தின் ஒளிபரப்பு உரிமமும் காலாவதியாகி, புதுப்பிக்கப்படாமல் போனது. கடைசியில் திரைப்படம் தொலைக்காட்சித் தொடராக மாறி 2022 ஆகஸ்ட்டில் வந்தது. கல்லை விழுங்கியும் வெள்ளித்திரைக்குப் பறக்க முடியாத டார்னா!

அந்தத் தொடரைப் பற்றி என் கருத்து கொஞ்சம் ஏறுமாறானது. ஜேன் டி லியோன் உழைத்திருக்கிறார், சண்டைக் காட்சிகளில் அது தெரிகிறது. ஆனால் நான் காத்திருந்து பார்த்தது வலென்டினாவை. தலைமுடியெல்லாம் பாம்பான அந்தப் பெண்தான் டார்னாவின் பழைய எதிரி. இந்த முறை அவளை ரெஜினா என்ற வழக்கறிஞராக, ஏழைகளுக்காகப் பேசுகிற பெண்ணாகத் தொடங்கிவைத்தார்கள். ஜெனெல்லா சால்வடோர் நடித்தார். மனத்துக்குள் ஒரு காயம், அதை மூடிவைக்கத் தெரியாத கோபம், பிறகு பாம்புகள். அவள் கெட்டவளாக மாறும்போது நமக்கே வருத்தமாக இருக்கிறது. ரசிகர்கள் டார்னாவையும் வலென்டினாவையும் ஜோடி சேர்த்து 'டார்லென்டினா' என்று பெயர் வைத்து இணையத்தில் அமர்க்களப்படுத்தியது சும்மா இல்லை. நாயகியைவிட எதிரிக்கு நல்ல கதை எழுதிவிட்டார்கள்.

இனி பூதங்கள் பக்கம் வருவோம். பிலிப்பைன்ஸ் கிராமத்துக் கதைகளில் இருட்டு காலியாகவே இருக்காது. புற்றுக்குள் ஒரு குட்டிக் கிழவன் இருப்பான், அந்த வழியாகப் போனால் "தாபி தாபி போ", அதாவது வழிவிடுங்கள் ஐயா, என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பெரிய மரத்தில் சுருட்டுப் பிடித்தபடி ஒரு ராட்சதன் உட்கார்ந்திருப்பான், அவன் காப்ரே. இடுப்போடு இரண்டாகப் பிரிந்து மேல்பாதி மட்டும் சிறகடித்துப் பறக்கும் பெண் மனனங்கால். அவள் விட்டுச்சென்ற கீழ்ப்பாதியில் உப்பைப் போட்டால் திரும்பி ஒட்ட முடியாது. குதிரைத்தலை மனிதன் டிக்பாலாங். வெயிலடிக்கும்போதே மழை பெய்தால் நாம் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்போம். அங்கே டிக்பாலாங்குக்குக் கல்யாணம். வன தேவதைக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'திவாத்தா'. நம்முடைய தேவதையும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்.

எரிக் மாட்டி 2012-இல் எடுத்த 'டிக்டிக்' இந்த உலகத்தைச் சண்டைப் படமாக்கியது. ஏறக்குறைய முழுப் படத்தையும் பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்து, பின்னணியைக் கணினியில் சேர்த்தார்கள். நகரத்து வாலிபன் ஒருவன் கர்ப்பிணிக் காதலியைச் சமாதானப்படுத்தக் கிராமத்துக்குப் போகிறான். இரவில் அஸ்வாங் என்னும் பிசாசுக் கூட்டம் வீட்டைச் சுற்றி வளைக்கிறது. இந்த வாலிபனிடம் மந்திர வாள் கிடையாது. அஸ்வாங்கை விரட்டக் கிராமத்தார் நம்புவது பூண்டு, உப்பு, திருக்கை மீனின் வால். திருக்கை வாலால் அடி வாங்கினால் எப்படியிருக்கும் என்று நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னணி ஓவியம்போலச் செயற்கையாக இருக்கிறது என்று சிலருக்குக் குறை. எனக்கு அது பழைய சித்திரக்கதைப் பக்கங்களைப் புரட்டுவது போலிருந்தது.

2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ட்ரெஸே' அசைபட வரிசை, ஆறே அத்தியாயம். திரைப்படம் அல்ல என்றாலும் விட்டுவிட மனமில்லை. பட்ஜெட் டான் எழுதி காஜோ பால்டிசிமோ வரைந்த சித்திரக்கதை. அலெக்சாண்ட்ரா ட்ரெஸே மணிலாவில் மதுக்கூடம் நடத்துகிற பெண். போலீசுக்குப் புரியாத வழக்கென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளோடு இரட்டைக் காவலர்கள், பெயர் கிறிஸ்பின், பசிலியோ. பிலிப்பைன்ஸின் தேசிய வீரராகக் கொண்டாடப்படும் எழுத்தாளர் ஹோசே ரிசால் 1887-இல் வெளியிட்ட நாவலில் வரும் பரிதாபமான இரு சிறுவர்களின் பெயர்கள் அவை. இதைப் பார்த்ததும் நம் கபாயன்மாருக்கு நெஞ்சில் ஏதோ செய்யும்.

ட்ரெஸே எல்லாரையும் வெட்டிச் சாய்ப்பதில்லை. முதலில் போய்ப் பேசுகிறாள். யார் எந்த ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று விசாரிக்கிறாள், ஊர்ப் பஞ்சாயத்துக்காரி மாதிரி. வாள் இடுப்பில் இருக்கும், கடைசியில்தான் கைக்கு வரும். அந்த நாட்டு மொழியான தகலோக்கில் அவளுக்குக் குரல் கொடுத்தவர் டார்னாவைத் தவறவிட்ட அதே லிசா சொபெரானோ. குரலில் உணர்ச்சி போதவில்லை என்று அங்கே பலர் குறைப்பட்டார்கள். எனக்கும் முதல் அத்தியாயத்தில் அப்படித்தான் பட்டது, பிறகு பழகிவிட்டது.

2024 விழாவில் வந்த 'தி கிங்டம்' வேறு ரகம். ஸ்பெயின்காரர்கள் பிலிப்பைன்ஸைப் பிடிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறது படம். செல்பேசி, கார் எல்லாம் இருக்கும் இன்றைய காலத்தில் கலாயான் என்றொரு ராஜ்ஜியம். உடம்பெல்லாம் பச்சை குத்திய அரசர் லாகன் மகிசிக் வேடத்தில் விக் சோட்டோ. பல ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் மாயாஜாலப் படங்களில் கோமாளித்தனம் செய்து பிள்ளைகளைச் சிரிக்கவைத்தவர் இதில் ஒரு முறைகூடச் சிரிப்பு மூட்டவில்லை. நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒதுக்கப்பட்ட விவசாயி சூலோவாக பியோலோ பாஸ்குவல். அரண்மனைக் காட்சிகளின் ஜோடனையைவிட, மண்ணில் நிற்கிற அந்த ஆள் அரசரின் கண்ணைப் பார்த்துப் பேசும் இடங்களில்தான் படம் உயிரோடு இருக்கிறது. அந்நியன் வராவிட்டாலும் மேல் கீழ் இருந்திருக்கும் என்று ஒத்துக்கொள்ளும் துணிச்சல் எனக்குப் பிடித்தது. அரச குடும்பத்துச் சண்டையில் இன்னும் கொஞ்சம் கத்தரி வைத்திருக்கலாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்தது. பொம்மைப் பூதம்கூட இல்லாத படம் அது. மார்ட்டிகா ராமிரெஸ் எஸ்கோபார் எடுத்த 'லியோனோர் வில் நெவர் டை'. 2022-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசு பெற்றது. லியோனோர் ஒரு வயதான அம்மா. ஒரு காலத்தில் அடிதடிப் படங்களுக்குக் கதை எழுதியவர். இப்போது வீட்டில் மின்கட்டணம் கட்டக் காசில்லை. இறந்துபோன மகன் ஆவியாக, கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தபடி வீட்டில் நடமாடுகிறான். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. கதைக்குப் பரிசு என்று பத்திரிகையில் பார்த்ததும், பாதியில் விட்ட பழைய கதையைத் தூசி தட்டி எடுக்கிறார். அப்போது யாரோ சன்னலிலிருந்து எறிந்த தொலைக்காட்சிப் பெட்டி அவர் தலையில் விழுகிறது. உடல் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்க, அவர் மட்டும் தன் கதைக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

அந்தக் கதையின் நாயகன் பெயர் ரோன்வால்டோ. நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே பெயர். உடன்பிறந்தவனைக் கொன்றவர்களைப் பழிவாங்கக் கிளம்பும் சட்டை திறந்த முரடன், எண்பதுகளின் அச்சு அசல். லியோனோருக்கு ஒவ்வொரு வசனமும் முன்கூட்டியே தெரியும். அவரே எழுதியதுதானே. நடிகர்கள் பேசும்போது கூடவே உதடு அசைக்கிறார். எங்கே குண்டு பாயும் என்றும் தெரியும். அந்த அம்மாவாக நடித்த ஷீலா பிரான்சிஸ்கோவின் முகத்தில் பயம் இல்லை. அடுப்பில் வைத்த குழம்பைக் கிளறிப் பார்க்கும் அக்கறைதான் இருக்கிறது. எரிகல்லை உலையில் வைத்த பிளாவியோவை நெடுநாள் கழித்து நான் மறுபடி கண்டது இங்கேதான், தட்டச்சுப்பொறியின் முன்னால்.

படத்தை எப்படி முடிப்பது என்று கடைசியில் இயக்குநரே திரையில் வந்து படத்தொகுப்பாளரோடு பேசிக்கொண்டிருக்கிறார். அதன்பின் எல்லோரும் பாட ஆரம்பித்துவிடுகிறார்கள்.