அந்தப் பதில் எந்தக் கேள்விக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பல வருடங்களாகக் கணக்குச் சொல்லித் தருகிறவன். புதிதாக யோசிப்பது பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டதும், எனக்கு ஒரு சிறுமியின் கணக்கு நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

1000-லிருந்து 367-ஐக் கழிக்க வேண்டும். நான் சொல்லிக் கொடுத்திருந்தது கடன் வாங்கிக் கழிக்கும் முறை. கடைசிப் பூஜ்யம் பக்கத்துப் பூஜ்யத்திடம் கேட்கும், அதனிடமும் இருக்காது, அது அடுத்ததிடம் போகும், முடிவில் அந்த ஒன்று வந்து கொடுக்கும். குழந்தைகள் அதிகம் தடுமாறுகிற இடம் அது. இந்தச் சிறுமி கடனே வாங்கவில்லை. 999 என்று எழுதி, அதற்குக் கீழே 366 என்று எழுதி, 633 என்று விடை போட்டிருந்தாள். விடை சரி. ஆனாலும் நான் சிவப்பு மையில் 'வழிமுறை தவறு' என்று எழுதிவிட்டேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "சார், ரெண்டுலயும் ஒண்ணு ஒண்ணு குறைச்சா வித்தியாசம் மாறாதே?" என்றாள்.

மாறாதுதான். அதை நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். என் கண் அந்தப் பக்கத்தில் தேடியது, நான் காட்டிய வழி இருக்கிறதா என்பதை மட்டும். அவள் என்ன யோசித்திருக்கிறாள் என்று அது பார்க்கவே இல்லை. இன்று நினைத்தாலும் மனம் உறுத்துகிறது.

ஏன் அப்படி நடக்கிறது என்பதைக் காட்ட ஒரு பழைய சோதனை இருக்கிறது. பக்கத்தில் பேப்பரும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே செய்து பார்க்கலாம். ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-இல் வெளியிட்டது இது. உங்களிடம் மூன்று ஜாடிகள். முதல் ஜாடி 21 அளவு தண்ணீர் பிடிக்கும், இரண்டாவது 127, மூன்றாவது 3. உங்களுக்கு வேண்டியது சரியாக 100 அளவு. எப்படி எடுப்பீர்கள்?

பெரிய ஜாடியை நிரப்புங்கள், 127. அதிலிருந்து முதல் ஜாடி நிறைய ஒரு முறை ஊற்றி எடுத்தால் மிச்சம் 106. சின்ன ஜாடியால் இரண்டு முறை எடுத்தால் 100. கொஞ்சம் மண்டையைக் குடைந்துதான் இதைக் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்ததும் ஒரு சந்தோஷம் வரும்.

அடுத்தது: 14, 163, 25. வேண்டியது 99. அதே வழிதான். 163-இல் 14 போனால் 149, இரண்டு 25 போனால் 99. இப்படியே இன்னும் மூன்று கணக்குகள். மூன்றாவதிலேயே கை தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

இப்போது ஜாடிகள் 23, 49, 3. வேண்டியது 20.

49-இல் 23 போனால் 26, இரண்டு 3 போனால் 20. சரியான விடைதான். சோதனையில் கலந்துகொண்ட பெரும்பாலானோரும் இப்படித்தான் செய்தார்கள். ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். 23-இல் 3 போனால் 20. அவ்வளவுதான்! பெரிய ஜாடியைத் தொடவே வேண்டாம். முந்தைய கணக்குகளைச் செய்யாமல் நேராக இதற்கு வந்தவர்களுக்கு இந்தக் குறுக்குவழி சுலபமாகத் தெரிந்தது.

இதைவிட வேதனையானது பின்னால் வரும் ஒரு கணக்கு. 28, 76, 3. வேண்டியது 25. பழைய வழியில் போனால் 42 வரும், சரிவராது. சின்னப் பிள்ளைகூட 28-இல் 3 போனால் 25 என்று சொல்லிவிடும். ஆனால் பழைய வழியில் பழகிவிட்டவர்களில் பலர் இங்கே வந்து திகைத்து நின்றார்கள், விடை கிடைக்கவில்லை.

அந்த வழி தவறானதாக இருந்திருந்தால் யாரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஐந்து முறை சரியாக வந்தது, அதுதான் சிக்கல். நம்மைக் கட்டிப்போடுபவை பெரும்பாலும் ஒருகாலத்தில் நமக்குக் கைகொடுத்தவைதான். எந்த வழக்கமும் ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் பிறந்திருக்கும். நாளாக ஆக அந்தக் கேள்வி மறந்துபோகிறது, பதில் மட்டும் நம்மிடம் தங்கிவிடுகிறது. 'வித்தியாசமாக யோசி' என்று பிள்ளைகளிடம் சொல்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எதிலிருந்து வித்தியாசப்பட வேண்டும் என்று தெரியாதவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? 'இந்தப் பதில் எந்தக் கேள்விக்கு வந்தது, அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறதா?' என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தால், அதை யாராலும் பழகிக்கொள்ள முடியும்.

உயரம் தாண்டுதலைப் பாருங்கள். நீண்ட காலம் வீரர்கள் கம்பியைத் தாண்டி விழுந்த இடம் மணலோ மரத்தூளோதான். முதுகும் கழுத்தும் படும்படி அதில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் காலோ கையோ முதலில் தரையில் படுகிற மாதிரியே தாண்டும் முறைகள் உருவாயின. கத்தரிக்கோல் மாதிரிக் காலை வீசித் தாண்டுவது, குப்புறப் படுத்தாற்போலக் கம்பியின் மேல் உருண்டு இறங்குவது, இப்படி. அப்புறம் நுரைமெத்தைகள் வந்தன. விழுகிற இடமே மாறிவிட்டது! ஆனால் தாண்டுகிறவர்கள் பழையபடியே தாண்டினார்கள்.

அமெரிக்காவில் டிக் ஃபாஸ்பரி என்ற பள்ளி மாணவனுக்கு அந்தக் குப்புற உருளும் முறை எவ்வளவு பழகியும் வரவில்லை. பழைய கத்தரிக்கோல் முறைக்கே திரும்பிப் போனான். இடுப்பு கம்பியில் தட்டியது. இடுப்பை உயர்த்த வேண்டுமானால் தோளைப் பின்னால் சாய்க்க வேண்டும். சாய்த்தான். இன்னும் கொஞ்சம் சாய்த்தான். அப்படியே போகப் போக, முதுகு கம்பியைப் பார்க்க, தலை முதலில் போக, மல்லாந்து தாண்டுகிற ஒரு முறை உருவாகிவிட்டது. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். உடலை வில்லாக வளைத்துப் பகுதி பகுதியாகக் கம்பியைக் கடக்கும்போது, உடலின் எடைமையம், அதாவது எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, கம்பிக்குக் கீழேகூடப் போக முடியும் என்பது இந்த முறையில் இருக்கும் ஆதாயம்.

எனக்குப் பிடித்த விஷயம், அவர் உட்கார்ந்து 'ஏதாவது புதுமை செய்கிறேன்' என்று யோசிக்கவில்லை. இடுப்பு தட்டுகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று மட்டும் பார்த்தார். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய முறை ஒன்றும் மட்டமானது இல்லை. 1978-இல்கூட சோவியத் வீரர் விளாதிமிர் யாஷ்செங்கோ குப்புற உருளும் முறையிலேயே தாண்டி உலக சாதனை படைத்தார். வழக்கத்தைக் கேள்வி கேட்பது என்றால் அதைத் தூக்கி எறிவது என்று அர்த்தம் ஆகாது.

மருத்துவத்திலும் இதே கதைதான். வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் மன அழுத்தமும் அமிலமும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். வயிற்று அமிலத்தில் கிருமி எதுவும் பிழைத்திருக்க முடியாது என்பது அடிப்படை நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன் என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் வயிற்றுத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். பாரி மார்ஷல் என்ற இன்னொரு மருத்துவர் அவருடன் சேர்ந்துகொண்டார். அந்தக் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்கப் பார்த்தார்கள், வளரவே இல்லை. காரணம் என்ன தெரியுமா? இரண்டு நாளில் எதுவும் வளராவிட்டால் தட்டைக் கழித்துவிடுவது ஆய்வக வழக்கம். வேகமாக வளரும் மற்ற கிருமிகளுக்கு அது போதுமான கெடு. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கே வந்தது. தட்டுகள் கூடுதலாகச் சில நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால், கிருமி வளர்ந்திருந்தது! வயிற்றுப்புண்ணுக்கு இந்தக் கிருமி காரணம் என்பதை நம்ப மறுத்தவர்களுக்காக 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்தார், வயிறு அழற்சிக்கு உள்ளானது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 'இரண்டு நாள்' என்ற கெடு வேறு கிருமிக்கான பதில். இந்தக் கிருமிக்கு அதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

சரி, இதை எப்படிப் பழகுவது? எனக்கு உதவியதைச் சொல்கிறேன். ஒரு பிரச்சினையில் மாட்டிக்கொண்டால் அதை ஒரே வாக்கியமாக எழுதுவேன். பிறகு ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை வைத்து 'இது யார் சொன்னது?' என்று கேட்பேன். 'திங்கட்கிழமைக் கூட்டத்தை ஒரு மணி நேரத்தில் எப்படி முடிப்பது?' என்று எழுதினால், ஏன் ஒரு மணி நேரம்? கடிகாரத்தில் அது முழு எண் என்பதாலா? ஏன் எல்லோரும் உட்கார வேண்டும்? கூட்டமே எதற்காக ஆரம்பித்தோம்? சில சமயம் பிரச்சினையே கரைந்துவிடும்.

இன்னொரு பழக்கம் கொஞ்சம் கடினம். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-இல் ஒரு சோதனை செய்தார். 2, 4, 6 என்ற வரிசை ஒரு விதிக்குப் பொருந்துகிறது, விதியைக் கண்டுபிடியுங்கள், நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிக் கேட்கலாம் என்றார். 8, 10, 12 பொருந்துமா? பொருந்தும். 20, 22, 24? பொருந்தும். 'இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்' என்று பலர் உறுதியாகச் சொன்னார்கள், தவறு. விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 5, 17, 90 என்று ஒருமுறை கேட்டிருந்தால் அந்த ஊகம் அங்கேயே உடைந்திருக்கும். 'ஆமாம்' என்று கேட்பதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது. உங்கள் யோசனை உடையக்கூடிய இடத்தில் அதை நீங்களே தட்டிப் பாருங்கள்.

கூடிப் பேசினால் யோசனை பெருகும் என்பதும் நாம் கேள்வி கேட்காத ஒன்று. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், நான்கு பேர் தனித்தனியாக எழுதியதைச் சேர்த்தபோது, நான்கு பேர் கூடிப் பேசியதைவிட அதிக யோசனைகள் கிடைத்தன. முதலில் தனியாக எழுதுங்கள், அப்புறம் கூடிப் பேசுங்கள்.

அந்தச் சிறுமியிடம் திரும்புகிறேன். அடுத்த நாள் 'வழிமுறை தவறு' என்பதை அடித்துவிட்டு, அவளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொன்னேன். 2003-லிருந்து 367 என்று கொடுத்தேன். இரண்டிலும் நான்கைக் குறைத்தாள், 1999, 363, விடை 1636. வகுப்பு கை தட்டியது. அப்புறம் அவளே ஒரு கணக்கை எழுதினாள்: 5214-லிருந்து 2678. ஒன்றைக் குறைத்துப் பார்த்தாள், மூன்றைக் குறைத்துப் பார்த்தாள், அழித்தாள். கொஞ்ச நேரம் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள்.

"சார், இதுக்குக் கடன் வாங்குறதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கடன் வாங்கிக் கழித்து 2536 என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

நன்றி, வணக்கம்.