ஸ்ப்ரே கையில் இருக்கிறது, கொடுக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஆம்புலன்ஸில் ஈ.எம்.டி.யாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராக வேலை பார்க்க, பெரும்பாலான மாநிலங்களில் நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்ற சான்றளிக்கும் அமைப்பின் கணினித் தேர்வில் தேற வேண்டும். அந்தப் பயிற்சி வகுப்பில் நான் பாடம் எடுக்கிறேன். தேர்வு முடிந்து வரும் பிள்ளைகளில் பலர் சொல்வது ஒன்றுதான்: "சார், மருந்துக் கேள்வியில் ரெண்டு பதிலும் சரியா இருந்தது."

ஈ.எம்.டி. கையாளும் மருந்துகளோ கொஞ்சம்தான். ஆக்ஸிஜன், ஆஸ்பிரின், குளுக்கோஸ் ஜெல், நைட்ரோகிளிசரின், எபினெஃப்ரின், நலாக்சோன், இன்ஹேலர், இன்னும் ஒன்றிரண்டு. ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் தேர்வு கேட்பது மருந்தை அல்ல, எதிரே இருக்கும் நோயாளியை.

ஒரு கேள்வி இப்படி வரும். அறுபது வயதுக்காரர், நெஞ்சுவலி, உடம்பெல்லாம் வியர்வை. மருத்துவர் எழுதிக்கொடுத்த நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே அவர் கையிலேயே இருக்கிறது. ரத்த அழுத்தம் 88/60. அடுத்து என்ன செய்வீர்கள்?

நெஞ்சுவலி என்றதும் மாணவரின் விரல் நைட்ரோவுக்குப் போகிறது. அது ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் மருந்து. மேல் அழுத்தம் 100-க்குக் கீழே இருப்பவருக்குக் கொடுத்தால் அழுத்தம் இன்னும் சரிந்துவிடும். ஆஸ்பிரினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லையென்றால் 162 முதல் 324 மில்லிகிராம் வரை மென்று விழுங்கச் சொல்லலாம். விடை அதுதான்.

இதே கேள்வியில் அழுத்தத்தை 130 ஆக்கிவிட்டு, 'நேற்று இரவு வயாகரா எடுத்தார்' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அதுவும் ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதுதான், இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் ஆபத்தாகச் சரியும். ஆகவே 24 மணி நேரம் ஆகாமல் நைட்ரோ கூடாது. அதே வகை மருந்தான டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம். இந்த வரியைத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். நம் வீடுகளில் மனைவி, மக்கள் எதிரே ஒரு பெரியவரிடம் இதைக் கேட்க நாக்கு எழாது, எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். மற்றவர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள் என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நலாக்சோன் கேள்வி வேறு மாதிரி. ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு அதிகமாகி ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். நாடி இருக்கிறது, மூச்சு நிமிடத்துக்கு நாலு. நலாக்சோன்தான் மாற்றுமருந்து, சந்தேகமே இல்லை. ஆனால் அது வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும், மூச்சு அதுவரை காத்திருக்காது. முதலில் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். மாணவர் சொன்ன 'ரெண்டு சரியான பதில்' இதுதான். இரண்டுமே செய்ய வேண்டியவை. 'முதலில்' என்ற சொல்தான் கேள்வி.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்துவிட்டு வந்தவர்களுக்கு இன்னொரு தடுமாற்றமும் உண்டு, பெயர். நாம் அட்ரினலின் என்பதை இங்கே எபினெஃப்ரின் என்பார்கள். சால்பியூட்டமால் இங்கே அல்புடெரால், பாராசிட்டமால் இங்கே அசெட்டமினோஃபென். தெரிந்த மருந்தே தெரியாததுபோல் நிற்கும். இந்த மூன்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், ஏற்கெனவே ஆம்புலன்ஸில் தொண்டு செய்கிறவர்கள் தங்கள் ஊர் விதிமுறையை மனதில் வைத்து விடை எழுதிவிடுகிறார்கள். சில ஊர்களில் நைட்ரோவுக்கு 90 போதும். வண்டியில், உங்கள் ஆம்புலன்ஸ் சேவைக்குப் பொறுப்பான மருத்துவராகிய மருத்துவ இயக்குநர் சொன்னதே சட்டம். தேர்வில் பாடப்புத்தகம்.

மொத்தம் 70 முதல் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம். விடை கொடுத்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. ஆகவே கேள்வியைப் படித்ததும் விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மூச்சு எப்படி, அழுத்தம் எவ்வளவு, விழுங்க முடியுமா, மருந்து யாருடையது என்று பாருங்கள். பிறகு கையை எடுங்கள்.

நன்றி, வணக்கம்.