சால்வடோரில் "சூடா?" என்று கேட்டால் அவசரப்படாதீர்கள்

வணக்கம் மக்களே! பிரேசிலின் பாஹியா மாநிலத்தில், சால்வடோரில் நிற்கிறேன். கண் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. அழவில்லை, மிளகாய். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

1549இல் போர்த்துகீசியர்கள் உருவாக்கிய நகரம் இது. 1763 வரை இதுதான் பிரேசிலின் தலைநகர். ஊரே இரண்டு தட்டாக இருக்கிறது, மேலே ஒன்று, கடலோரமாகக் கீழே ஒன்று. நடுவில் போய்வர லசெர்டா லிஃப்ட். 1873இல் திறந்தது, உயரம் சுமார் 72 மீட்டர். படியேறியிருந்தால் இந்த வீடியோவே வந்திருக்காது.

காலையில் மேல்நகரில் பெலோரின்யோ பகுதியைச் சுற்றினேன். மஞ்சள், நீலம், ரோஜா நிறத்தில் வீடுகள், உருண்டைக்கல் பதித்த இறக்கம். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள், நானும்தான். பெயருக்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் பார்த்தேன். அடிமைகளைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்த கம்பம்! அதற்கப்புறம் கேமராவைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டேன்.

சாயங்காலம் ரியோ வெர்மேலியோ. கடற்கரைப் பேட்டை. பிப்ரவரி 2 அன்று கடல்தாய் இயெமாஞ்சாவுக்குப் பூ விடும் திருவிழா இங்கேதான் நடக்கும். நான் வந்தது அகாரஜே என்ற தெருப் பலகாரம் சாப்பிட.

காராமணியை ஊறவைத்து, தோலை நீக்கி அரைத்து, வெங்காயம் சேர்த்து, மாவு நுரைக்கும் வரை மரக்கரண்டியால் அடிக்கிறார்கள். பிறகு தெண்டே எனும் சிவப்புப் பனை எண்ணெயில் பொரிக்கிறார்கள். தெரு முனையிலேயே அந்த வாசனை ஆளைப் பிடித்து இழுக்கிறது. வடைதானே என்று நினைத்தேன். இல்லை. நடுவில் பிளந்து, ரொட்டி, இறால், தேங்காய்ப்பால் சேர்த்துக் கிண்டிய வத்தபா, வெண்டைக்காய்க் கருரு, காய்ந்த இறால் எல்லாம் அடைக்கிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. கையெல்லாம் ஆரஞ்சு.

மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் பலகாரம் இது. இயன்சான் தெய்வத்துக்கான படையலும்கூட. அடிமைப் பெண்கள் தெருவில் பலகாரம் விற்றுச் சேர்த்த காசில் விடுதலையை வாங்கியதும் உண்டு. இன்றும் வெள்ளைப் பாவாடை, தலைப்பாகையோடு விற்கும் பாயானா பெண்களின் இந்தத் தொழிலை 2005இல் பிரேசில் தேசியப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. காலையில் பார்த்த அந்தக் கம்பத்தின் பெயர், இதைச் சாப்பிடும்போது திரும்ப ஞாபகம் வந்தது.

சரி, மிளகாய்க் கதை. கடைக்கார அக்கா "கென்ச்சி?" என்றார். சூடா என்று அர்த்தம். ஆறிப்போனதை யார் சாப்பிடுவார்கள், தலையை வேகமாக ஆட்டினேன். இங்கே அகாரஜே கடையில் "சூடு" என்றால் காரம்! மிளகாய் விழுதை அள்ளிப் பூசிவிட்டார். பாதியிலேயே இளநீர்க்காரரைத் தேடி ஓடினேன். காரம் தின்று வளர்ந்த நாக்கு என்ற பெருமை அங்கேயே போனது.

அதே மாவை வாழையிலையில் சுற்றி வேகவைத்தால் அபரா. எண்ணெயில் பொரிப்பதில்லை. இப்போது அதை வாங்கப் போகிறேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், மறுபடி அதே கேள்விதான் வரும்.

கொஞ்சமாக அக்கா, கொஞ்சமாக.