துளசி கிள்ளுகிற கை, மேப்பிள் போன்சாய்க்கும் போதும்

[திரையில்: துளசிச் செடி. நுனியைக் கிள்ளும் விரல்கள்.]

துளசி நுனியைக் கிள்ளினால் என்ன நடக்கும்? அதற்குக் கீழே இருக்கும் ஜோடி இலைகளின் இடுக்கிலிருந்து ஆளுக்கொரு கிளை கிளம்பும். ஜப்பானிய மேப்பிளுக்கும் இதே குணம்தான். கணுவுக்கு இரண்டு இலை, எதிரெதிரே. ஆலும் அரசும் அப்படி இல்லை, கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி விடும். ஆல் போன்சாயில், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் ஆலமரத்தில், பழகிய கை மேப்பிளிடம் வந்து தடுமாறுவது இதனால்தான்.

[திரையில்: பால்கனி, ஒன்றரை அடி உயர மேப்பிள்.]

இது பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு பால்கனி. உண்மையைச் சொன்னால், இது மேப்பிளுக்கான ஊர் இல்லை. சுமார் 900 மீட்டர் உயரம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் ஜனவரி இரவில்கூடப் பெரும்பாலும் 15 டிகிரிதான். இலையுதிர்த்து அசந்து தூங்க மேப்பிளுக்கு அது பத்தாது. சரியாகத் தூங்காத மரத்தை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். ஒரு முறைக்கு ஒரு பெரிய வெட்டு, அவ்வளவுதான்.

[திரையில்: அடிமரம், அருகில்.]

முதலில் அடிமரம். கீழே அகன்று மேலே போகப் போகக் குறுக வேண்டும், நம் சோமேஸ்வரர் கோவில் கோபுரம் மாதிரி. இங்கே பாருங்கள், நடுவில் ஒரு வீக்கம். இது நான் செய்த தப்பு. ஒரே கணுவில் இரண்டு பக்கமும் கிளை வந்தது, நடுத்தண்டும் மேலே போனது. மூன்றும் அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். இரண்டே வருடத்தில் அந்த இடம் கழலை மாதிரி புடைத்துவிட்டது. ஓர் இடத்திலிருந்து இரண்டு மட்டும் பிரியலாம், மூன்றாவதை இளசிலேயே எடுத்துவிட வேண்டும். தண்டில் வரும் ஜோடியில் ஒன்றை எடுங்கள். அடுத்த கணுவில் எதிர்ப்பக்கத்தை எடுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் இருப்பதை வைத்துக்கொள்வது நல்லது.

அடி பருக்க வேண்டுமா? கீழே ஒரு கிளையை இஷ்டத்துக்கு நீள விடுங்கள். அது தின்று கொழுக்கும்போது அதற்குக் கீழுள்ள தண்டும் பருக்கும். வேலை முடிந்ததும் அதை அறுத்துவிடலாம்.

[திரையில்: கிளையை வெட்டும் கட்டர்.]

எப்போது வெட்டுவது? துளிர் விடப்போகும் சமயத்தில் பெரிய கிளையைத் தொடாதீர்கள், சாறு சொட்டிக்கொண்டே இருக்கும். இலை விரிந்து முற்றிய பிறகு வெட்டினால் காயம் சீக்கிரம் மூடும். என் கணக்கில் அது ஜூன், வெயில் தணிந்த பிறகு. கட்டரை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். சிறு கிளையைக் கணுவை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் குச்சி விட்டு வெட்டுங்கள். வெட்டிய இடத்திலிருந்து மேப்பிள் கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும், ஒட்ட வெட்டினால் கணுவும் சேர்ந்து போய்விடும். அந்தக் குச்சி காய்ந்த பின் எடுத்துக்கொள்ளலாம். பெரிய வெட்டுக்கு உள்வளைந்த வாய் உள்ள கட்டர் நல்லது. அது லேசாகக் குழித்து வெட்டுவதால், மூடும்போது மேடு தட்டாது. மேலே வெட்டுக்காயத்தை மூடும் பசை தடவுங்கள்.

[திரையில்: புதுத் துளிர், சாமணம்.]

மெல்லிய கிளைக்குக் கிள்ளுவதுதான் வழி. முதல் ஜோடி இலை விரியும்போது, நடுவில் எட்டிப்பார்க்கும் குருத்தைச் சாமணத்தால் எடுத்துவிடுங்கள். கணுவுக்குக் கணு தூரம் குறையும், கிளை நெருக்கமாகப் பிரியும். ஆனால் பருக்க வேண்டிய இளம் மரத்தில் இது வேண்டாம்.

"வளர்ற செடியை ஏன்டா இப்படிக் கிள்ளுற?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். அவர் துளசியைக் கிள்ளாத நாளில்லை!

கம்பி? கிளையை வளைத்து நிறுத்த அலுமினியக் கம்பி, கிளையின் மூன்றில் ஒரு பங்கு தடிமன், 45 டிகிரி சாய்வில் சுற்றுவார்கள். மேப்பிளின் பட்டை மெல்லியது, வளரும் பருவத்தில் சில வாரத்திலேயே கம்பி பதிந்து தழும்பாகிவிடும். அதனால் நான் கம்பியை அதிகம் தொடுவதில்லை. எந்தத் திசைக்குக் கிளை போக வேண்டுமோ, அந்தப் பக்கம் பார்க்கும் மொட்டு ஒன்றை விட்டுவைத்து, அதற்கு மேலே வெட்டுவேன். மெதுவான வழிதான், ஆனால் தழும்பில்லை.

[திரையில்: வெட்டி முடித்த மரம்.]

வெட்டிய பிறகு இரண்டு வாரம் நிழல். உரம் வேண்டாம். அப்புறம் காலை வெயில் மட்டும். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், இலை ஓரம் கருகும். எங்கள் மொட்டை மாடியில் ஒரு டிரம்மில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறோம், இதற்கென்றே.