எந்த ஆண்டின் நிறம்?

நேயர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியகமாக நிற்கும் பழைய போர்க்கப்பலுக்குப் புது வண்ணம் பூசப் போகிறார்கள் என்றால், எந்த நிறம் என்று கேட்பதற்கு முன் எந்த ஆண்டு என்று கேட்க வேண்டும். இருபது, முப்பது ஆண்டுகள் பணியில் இருந்த கப்பலில் பீரங்கி மாறியிருக்கும், பாய்மரமோ கொடிமரமோ மாறியிருக்கும், நிறமும் பலமுறை மாறியிருக்கும்.

அமெரிக்காவின் டெக்சஸ் கப்பலைப் பாருங்கள். 1914-ல் பணியில் சேர்ந்தது, இரண்டு உலகப்போர்களையும் கண்டது, 1948-ல் அருங்காட்சியகமானது. 2022 ஆகஸ்டில் அதைக் கால்வெஸ்டனுக்கு இழுத்துப் போய், கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்திப் பழுதுபார்க்கும் உலர்துறையில் ஏற்றினார்கள். அரித்துப்போன தகடுகளை மாற்றிய பிறகு பூசியது கருநீலம். 1945-ல் பசிபிக் கடலில் அது பூசியிருந்த நிறம். மேலே பறக்கும் விமானியின் கண்ணுக்குக் கப்பல் கடலோடு கலந்து தெரியட்டும் என்று வந்த நிறம். கப்பலின் இன்றைய உருவமும் அந்தப் போரின் கடைசிக் கட்டத்து உருவம்தான். நிறமும் உடலும் பொருந்துகின்றன.

லண்டனில் தேம்ஸ் நதியில் நிற்கும் பெல்ஃபாஸ்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கதை வேறு. 1999-ல் அதற்கு இரண்டாம் உலகப்போர்க் கால உருமறைப்பு வண்ணத்தைப் பூசினார்கள். ஆனால் கம்பிச் சட்டங்களைப் பின்னிக் கட்டிய அதன் உயரமான கொடிமரக் கம்பங்கள் 1950-களில் நடந்த மாற்றத்தின்போது வந்தவை. 1943 டிசம்பரில் ஷார்ன்ஹார்ஸ்ட் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை மூழ்கடித்த சண்டையில் பங்கெடுத்த கப்பல் ஆயிற்றே, அந்த நினைவை விட்டுவிட மனம் வராது, சரி. ஆனாலும் அந்தக் கம்பங்களும் அந்த வண்ணமும் ஒன்றாகக் கடலுக்குப் போனதே இல்லை. பார்க்க வருகிறவருக்கு அது தெரியாது. அதனால்தான் இந்தத் தேர்வு எனக்கு உடன்பாடில்லை.

சரி, பழைய நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கறுப்பு வெள்ளைப் படங்களை நம்ப முடியாது. அக்காலத்துப் பிலிம்கள் பல, சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியதாகவும் காட்டின. நம்பத் தக்க சாட்சி கப்பலிலேயே இருக்கிறது. மாலுமிகள் பழைய பூச்சின் மேலேயே புதுப் பூச்சை அடித்துக்கொண்டு போவார்கள். ஒரு சிறு செதிலைப் பிசினில் பதித்து, விளிம்பைத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்கடுக்காகப் பல வருடங்கள் தெரியும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் 1922 முதல் உலர்துறையில் நிற்கும் விக்டரி என்ற பழைய பாய்மரப் போர்க்கப்பலில் இப்படித்தான் ஆராய்ந்தார்கள். அது சண்டையிட்ட டிரஃபால்கர் கடற்போர் நடந்த 1805-ல் அதன் பக்கவாட்டுப் பட்டைகள், நாம் பார்த்துப் பழகிய அழுத்தமான மஞ்சளாக இல்லை, வெளிறிய மஞ்சளாக இருந்தன என்று தெரிந்தது. 2015-ல் அப்படியே மாற்றிப் பூசினார்கள்.

இனி வேலைக்கு வருவோம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்தால் அவற்றை இணைக்கும் ரிவெட் ஆணியையே தெறிக்க வைக்கும். அதன் மேல் பூசிய எதுவும் நிற்காது. அதனால் மணல் போன்ற துகள்களை வேகமாக வீசி இரும்பை வெறுமையாக்குகிறார்கள். சுத்தமான இரும்பு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். அதற்குள் முதல் பூச்சு ஏறிவிட வேண்டும். அப்புறம் ஒரு நுணுக்கம்: கூர்மையான விளிம்பில் ஈரப் பெயிண்ட் பின்வாங்கி மெலிந்துபோகும். ஆகவே பெரிய பரப்பில் தெளிப்பானைப் பிடிப்பதற்கு முன், விளிம்பு, வெல்டிங் கோடு, ரிவெட்டின் தலை என்று ஒவ்வொன்றுக்கும் தூரிகையால் தனியாக ஒரு பூச்சு கொடுக்கிறார்கள். பொறுமை வேண்டும். இதைத் தவிர்த்த கப்பலில் துரு முதலில் எட்டிப் பார்ப்பது அந்த விளிம்புகளில்தான்.

இங்கேதான் எனக்குப் பெரிய கவலை. துகள் வீச்சு துருவோடு சேர்த்து அந்தப் பழைய அடுக்குகளையும் துடைத்துவிடும். ஒருமுறை போனால் போனதுதான். ஆகவே எந்தக் கப்பலாக இருந்தாலும் வேலை தொடங்குமுன், மழையும் வெயிலும் படாத மூலைகளிலிருந்து மாதிரிகளை எடுத்து, எங்கிருந்து எடுத்தது என்று குறித்து வையுங்கள். இயன்ற இடத்தில் ஓர் அடி அகலத்துக்குப் பழைய பூச்சைத் தொடாமல் அப்படியே விட்டு வையுங்கள்.