சுவரோரம் வாருங்கள்

(தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, கோயில் நிர்வாகக் குழுப் பெரியவர்களே, மழையிலும் வந்திருக்கும் மாநகராட்சி உறுப்பினர் அவர்களே, சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, விடியற்காலையிலிருந்து சமையலறையில் நிற்கும் அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய டாக்டர் ஐயா முழங்கால் வலியைப் பற்றி நான் சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லிவிட்டார். அவருக்கு என் நன்றி.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். எங்கள் ஆயா இதைச் சொல்லாத நாளில்லை. உடம்புதான் சுவர் என்பார். நான் பேச வந்திருக்கும் ஐயங்கார் யோகத்திலோ நிஜச் சுவருக்கே வேலை இருக்கிறது.

பி.கே.எஸ். ஐயங்கார் 1918-இல் கர்நாடகத்தில் பெள்ளூரில் பிறந்தவர். சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் எல்லாம் அவரைப் போட்டு வாட்டின. மைசூரில் அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் கற்று, 1937-இல் புனே போய்ச் சொல்லித்தர ஆரம்பித்தார். 2014-இல் மறையும்வரை அந்த ஊர்தான். நோயாளியாக வளர்ந்தவர் என்பதால், வளையாத உடம்புக்காரரின் கஷ்டம் அவருக்குத் தெரியும். கட்டை, வார், போர்வை, நாற்காலி, சுவரில் கயிறு என்று துணைக்கருவிகளைக் கொண்டுவந்தார்.

இந்த முறையில் மூன்று விஷயங்கள் முக்கியம்: உடம்பின் நேர்த்தி, ஆசனங்களின் வரிசை, நிலைத்து நிற்கும் நேரம். முதல் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நேர்த்தி. காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலது பாதம் வெளியே திரும்ப வேண்டும், இடது பாதம் சற்றே உள்ளே. வலது குதிகாலிலிருந்து கோடு கிழித்தால் அது இடது உள்ளங்கால் வளைவில் போய் முட்ட வேண்டும். கையைத் தரையில் வைத்தே தீருவேன் என்று அவசரப்பட்டால் மார்பு கவிழ்ந்துவிடும். கைக்குக் கீழே ஒரு கட்டை வைத்தால் விலா விரிகிறது, மூச்சு தாராளமாகப் போகிறது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நான் 27 வருஷம் தையல் ஃபேக்டரியில் இருந்தேன். மிதியில் எப்போதும் வலது கால்தான். வகுப்பில் முதல் நாள் டீச்சர் என்னைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். நேராக நிற்பதாகத்தான் நினைத்தேன். இடது தோள் சுவரில் பட்டது. வலது தோளுக்கும் சுவருக்கும் நடுவே அவருடைய கை முழுசாகப் போய் வந்தது! அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, 78 வயது அம்மாவைச் சமையலறைச் சுவரோரம் நிறுத்தினேன். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். வாருக்குப் பழைய சேலைக் கரை, கட்டைக்குத் துண்டு சுற்றிய செங்கல். எனக்கு டீச்சர் இங்கிலீஷில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: "குதிகாலை ஊன்று. முழங்கால் சில்லை மேலே இழு. தோளைக் காதிலிருந்து இறக்கு." ஒன்பது வயதுப் பேரன் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். நாலாம் நாள், நான் வாயைத் திறக்குமுன் அவன் கட்டளை போட்டான்: "பாட்டி, குதிகால்!" அம்மா பத்து நாள் அவனுக்காகவே சுவரோரம் போய் நின்றார். கெண்டைக்கால், விலா, கணுக்கால், தோள்பட்டை என்று ஒவ்வொன்றாக அவனுக்கு வந்துவிட்டது. மூன்று வருஷம் அ, ஆ எழுதியவன், ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசியது அந்தச் சமையலறையில்தான்.

அதனால்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் வந்தபோது, அதில் வந்தவர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன சாமான்களில் தமிழும் ஒன்று. நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவிலேயே, வளர்த்து மதிக்க வேண்டிய மொழிகளில் தமிழ் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகள் வாயில் அது இருக்கிறதா? சனிக்கிழமை வகுப்பில் ஒரு மணி நேரம் தமிழிலேயே யோகம் நடக்கட்டும். தாத்தாவும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். காதில் கேட்ட சொல்லை அந்த நொடியே காலால் செய்து பார்த்த பிள்ளை அதை மறக்காது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். தமிழுக்கும் ஒரு சுவர் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

வரிசையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவருக்கு நின்று செய்யும் ஆசனங்கள்தான் முதலில். பிராணாயாமம் அப்புறம்தான். தலைகீழாக நிற்கப் பிள்ளைகள் துடிப்பார்கள், விடாதீர்கள். தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனத்துக்குத் தோளுக்குக் கீழே போர்வைகளை மடித்துப் போட்டு, தலையைத் தரையில் வைக்க வேண்டும், கழுத்து நசுங்காது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வந்த உடனே சொல்லிவிடுங்கள்.

தலைவர் ஐயா, பணம் கேட்கவில்லை. போர்வையும் நாற்காலியும் நாங்களே கொண்டுவருகிறோம். சொல்லிக்கொடுக்க நானும் இன்னும் இரண்டு அக்காமார்களும் தயார். மண்டபத்தின் கிழக்குச் சுவரில் படங்கள் தாழ்வாக மாட்டியிருக்கின்றன. வரும் சனிக்கிழமைக்குள் அவற்றைக் கொஞ்சம் மேலே ஏற்றி மாட்டித் தர வேண்டும். ஏணி என் மருமகனிடம் இருக்கிறது.